தூணுக்குப் பின்னாலிருந்த கதிரை

எனக்கு மன்னிக்கத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் கூல்பார் வைத்து, நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு குளிர்ந்த நெல்லிரசமும் ஐஸ்கிறீமும் கொடுக்கிற ஆளைப் பார்ப்பவர்கள் சாதுவான மனிதன் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும். ஒரு மனிதர்மேல் எனக்கிருந்த கோபத்தை, கடையில் ஐஸ்கிறீம் வைத்திருப்பதுபோல, உருகாமல் பல வருடம் வைத்திருந்தவன் நான்.

அந்த மனிதரும் எங்கள் ஊர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே காலத்தில் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வன்னிக்கு வந்தவை. எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த வாய்க்காலில் அவர்களுடைய வயல். அவர் எனக்கு வெகுகாலம் முன்பே சுவிசுக்குப் போய், பேர்ண் நகரத்தில் மனைவி பிள்ளையோடு இருந்தார். அங்கேயுள்ள ஒரு கோயில் சபையில் பெரிய ஆள். செவ்வாய், வெள்ளியில் மச்ச மாமிசம் தொடமாட்டார். குடி என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். எனக்கும் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு நானும் அதே நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த வேலை, பழைய நகரத்தில் ஒரு பாரில் கிளாஸ் கழுவுவது.

பேர்ணின் பழைய நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று பக்கமும் ஆறு சுற்றி வளைத்த மேட்டில் கல்வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். தெருவோரம் முழுக்கக் கல் வளைவுகள். மாரி கொட்டினாலும் குடையில்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து போகலாம். அந்த வளைவுகளின் அடியில், தெருவோடு சாய்வாகப் பதித்த மரக்கதவுகள் இருக்கும். பகலில் பார்த்தால் ஏதோ கிணற்றை மூடி வைத்திருப்பதாகத் தோன்றும். பின்னேரமானதும் அவற்றைத் திறந்துவிடுவார்கள். உள்ளே செங்குத்தான கல்படி. இறங்கினால் நிலவறை. முந்திய காலத்தில் வைன் பீப்பாக்கள் வைத்திருந்த இடங்கள் என்று சொன்னார்கள். எங்கள் பாரும் அப்படி ஒரு நிலவறைதான். தடித்த கல்தூண்கள், தலையில் முட்டுகிற கூரை, ஒரு யன்னல்கூடக் கிடையாது. வெளியில் பனி பெய்கிறதா இல்லையா என்று, படியிறங்கி வருகிறவனின் தோளைப் பார்த்துத்தான் நாங்கள் அறிந்துகொள்வோம்.

அங்கே குடிக்க வருகிறவர்கள் சண்டை பிடிக்க வருகிறவர்கள் அல்ல. வேலை முடிந்த அலுவலகக்காரர்கள் ஒரு பியரை வைத்துக்கொண்டு வெகுநேரம் கதைப்பார்கள். சனிக்கிழமைகளில் மாணவர்கள் படியிலும் இருப்பார்கள். புகைக்க வேண்டுமென்றால் மேலே ஏறி வளைவுக்குக் கீழே நின்று புகைத்துவிட்டு, குளிரைச் சட்டையில் கொண்டு திரும்பி வருவார்கள். நவம்பரில் அந்த நகரத்தில் வெங்காயச் சந்தை நடக்கும். வெங்காயத்தைப் பூமாலைபோலப் பின்னி விற்பார்கள். சனங்கள் ஒருவர் தலையில் ஒருவர் வண்ணக் கடதாசித் துண்டுகளை வீசிவிட்டு, கழுத்தில் வெங்காய மாலையோடு எங்கள் படிகளில் இறங்குவார்கள். வெங்காயம் நட்டு, தண்ணீர் கட்டி, விலை விழுந்து மனமுடைந்த எங்கள் ஆட்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துத் தனியே சிரித்திருக்கிறேன்.

தமிழர் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். குடிக்கிற நம்மவர்கள் வீட்டில் கூடிக் குடிப்பார்கள். அதனால்தான் நான் சொன்ன அந்த ஊர் அண்ணை அங்கே வந்தார்.

கடைசித் தூணுக்குப் பின்னால், சுவரோடு ஒரு கதிரை. அதில் இருந்தால் படியால் இறங்கி வருகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் கிளாஸ் கூடையோடு குசினியிலிருந்து வெளியே வருகிற எனக்கு நேரே தெரியும். முதல் நாள் என்னைக் கண்டதும் அவருக்கு வாயில் வைத்த பியர் இறங்கவில்லை. எழும்பிக் குசினி வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நீர் இங்கயோ வேலை?"

"ஓம் அண்ணை."

"நான் ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதனைப் பாக்க வந்தனான்."

"சரி அண்ணை."

"என்னை இங்க கண்டதெண்டு ஊருக்கு ஒண்டும் கதைச்சுப் போடாதையும், என்ன?"

"எனக்கென்ன அண்ணை. நான் கிளாஸ் கழுவுறவன்."

சிநேகிதன் அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் வரவில்லை. அண்ணை மட்டும் தவறாமல் வந்தார். பியரில் தொடங்கி விஸ்கியில் முடிப்பார். நான் யாருக்கும் சொல்லவில்லை. என்னைப் பெற்ற அம்மாவுக்கே சொல்லவில்லை. கொடுத்த வாக்கு வாக்குத்தான் என்று இருந்த மடையன் நான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு மல்லாவியில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். அவள் ரீச்சர். சாதகம் பொருந்தியது. இரண்டு வீட்டாரும் எங்களைத் தொலைபேசியில் கதைக்க விட்டார்கள். பாரில் ஆட்கள் வரமுன், காதில் வயரை மாட்டிக்கொண்டு முதல்நாள் கிளாஸ்களைக் கழுவியபடி அவளோடு கதைப்பேன். அங்கே அப்போது இராச்சாப்பாடு முடிந்திருக்கும். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். பனி மணக்குமா, ஆற்றில் முதலை இருக்குமா, கல் வளைவுக்குக் கீழே நடந்தால் காலடி எதிரொலிக்குமா. எனக்கு வாழ்க்கையில் வேறு யாரும் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. அவள் கேட்பாள் என்பதற்காகவே நான் அந்த நகரத்தைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

என்ன வேலை என்று அவளுடைய வீட்டில் கேட்டபோது ஹோட்டல் வேலை என்று சொல்லியிருந்தோம். வெளிநாட்டில் சமைத்தாலும் கழுவினாலும் கூட்டினாலும் எங்கள் ஊருக்கு அது ஹோட்டல் வேலைதான். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஆனால் விசாரிப்பார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால், அந்த நகரத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து விசாரிப்பது எங்கள் வழக்கம். அவளுடைய தகப்பன் அந்த அண்ணையைப் பிடித்தார். அண்ணை சொன்னாராம்:

"பெடியன் ஒவ்வொரு நாளும் பாரிலதான். நான் என்ர கண்ணால கண்டனான்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏன் அப்படிச் செய்தார் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். நான் என்றைக்காவது வாய் திறந்தால் அவருடைய மரியாதை போய்விடும். குடிகாரன் என்று எனக்கு முதலே பெயர் வைத்துவிட்டால், என் வாயிலிருந்து எது வந்தாலும் குடிகாரன் கதை. என் வாயை அடைக்க என் கலியாணத்தைக் குழப்பினார். பிறகு அவர் எங்கள் பாருக்கு வரவில்லை. அந்த நகரத்தில் நிலவறைக்கா பஞ்சம்?

சம்பந்தம் முறிந்தது. அம்மா அந்த வருடம் கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. குடிகாரனைப் பெற்றவள் என்று யாரோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அந்த ரீச்சர் அதற்குப் பிறகு எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என்னைக் குடிகாரன் என்று நம்பியவளிடம் போய்க் கெஞ்சுவதா என்ற ரோசம். என் வழக்கும் நிராகரிக்கப்பட்டு நான் ஊர் திரும்பியபோது, குடிச்சுக் குழப்படி செய்து பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று கதை எனக்கு முன்னே வந்து நின்றது. அவளை வவுனியாவில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அரசாங்கக் கந்தோரில் வேலை, தேத்தண்ணி தவிர வேறொன்றும் குடிக்கமாட்டார் என்று சொன்னார்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது. என் பெயரைக் கெடுத்த அதே வாய், கெடுத்த அதே காதில், உண்மையைச் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் சிறுபோக விதைப்பு முடிந்த கையோடு அது தானாக நடந்து என் கடைக்குள் வந்தது. அவளுடைய தகப்பன். வயசு போயிருந்தது. மோட்டார் சைக்கிளை வெளியில் விட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"இளையவளுக்கு ஒண்டு பொருந்தி வந்திருக்கு. பேர்ணில பெடியன்."

யாருடைய பெடியன் என்று எனக்குத் தெரியும். முதல்நாள்தான் அந்த அண்ணை, இத்தனை வருடத்துக்குப் பிறகு, தேன் வடிய எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். என்ர மகனைப் பற்றி வந்து கேட்பினம், தம்பி நல்லதா ஒரு சொல்லுச் சொல்லும் என்றார். பார்ப்பம் அண்ணை என்று வைத்துவிட்டேன். அந்த இரவு நன்றாக நித்திரை வந்தது.

"என்னட்ட ஏன் ஐயா விசாரிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"பெடியன் குடிக்கிறவனோ எண்டு அறியோணும். அது உமக்குத்தானே தெரியும்."

பார்த்தீர்களா மனிதரை! குடிகாரனைப் பற்றிக் குடிகாரனிடம் விசாரிக்க வந்திருக்கிறார். அந்தக் கதிரையோடு தூக்கி வெளியே வைக்கலாமா என்று வந்தது. வைக்கவில்லை. ஒரு கிளாஸ் நெல்லிரசம் கொண்டுவந்து வைத்தேன்.

அந்தப் பெடியனை நான் கோயிலில் பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலேயே பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிவான். தங்கமான பிள்ளை. ஆனால் நான் உதட்டைப் பிதுக்கினால் போதும், காரியம் கெட்டுவிடும். அந்த நினைப்பை நான் கொஞ்ச நேரம் ஆறுதலாக ருசித்தேன்.

"சொல்லுறன் ஐயா. அதுக்கு முதல், நீங்கள் அண்டைக்கு அவரிட்டக் கேக்காமல் விட்ட கேள்வி ஒண்டு கிடக்கு. என்னை ஒவ்வொரு நாளும் பாரில கண்டவர் எண்டால், அவர் எங்க நிண்டு கண்டவர்? இப்ப எடுத்துக் கேளுங்கோ. சத்தமாப் போட்டுக் கேளுங்கோ."

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைபேசியை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அண்ணைக்கு அழைப்பு எடுத்தார். சுகம் விசாரித்தார். வயலைப் பற்றிக் கதைத்தார். அதற்குப் பிறகு, நான் சொன்னதை அப்படியே கேட்டார்.

அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது.

"அது... றோட்டால போகேக்க, யன்னலால கண்டனான்."

"அண்ணை, அந்தப் பாருக்கு யன்னல் இல்லை" என்றேன்.

என் கடையின் மின்விசிறி கிறீச்சிட்டது.

"ஆர், தம்பியோ?"

"ஓம். கிளாஸ் கழுவுறவன். அது நிலத்துக்குக் கீழ, படியால இறங்கோணும். கடைசித் தூணுக்குப் பின்னால ஒரு கதிரை. அதில ஆர் இருக்கிறது எண்டு ஐயாவுக்கு நீங்களே சொல்லுங்கோ."

சொல்லாமல் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். மகனுடைய வாழ்க்கை மேசையில் கிடந்தது. வைக்க முடியவில்லை.

"நான்தான்" என்றார். "தம்பி அங்க வேலை செய்தவன். குடிச்சு நான் காணேல்லை."

எத்தனையோ பண்டம் சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சொல்லின் இனிப்பு வேறெதிலும் இல்லை. ஐயா கைபேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நெல்லிரசம் அப்படியே இருந்தது. நான் அவரைத் தேற்றவில்லை. அவர் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு நான் கொடுத்த விலையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று நின்றேன்.

"அப்ப இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று எழும்பினார்.

"செய்யுங்கோ ஐயா. பெடியன் தங்கம்."

நான் பெருந்தன்மையில் சொன்னேன் என்று அவர் நினைத்தார். இல்லை. கலியாணம் குழம்பினால் அண்ணைக்கு ஒரு மாத வெட்கம். நடந்தால், ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும், ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும், விசயம் தெரிந்த சம்பந்தியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

கலியாணம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குளிர்பானம் முழுக்க என் கடையிலிருந்துதான். அண்ணை பட்டு வேட்டி, சால்வையோடு வந்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில், மாப்பிள்ளையின் தகப்பன், முன்வரிசையை விட்டுவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் இருந்தார். நான் தட்டோடு அங்கேயும் போனேன்.

"அண்ணை, இங்கயும் தூணோ?"

அவர் நிமிரவில்லை. கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கதை ஏற்கெனவே மல்லாவி முழுக்கப் போயிருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. கிளாஸ்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னாலுள்ள தண்ணீர்க் குழாயடிக்கு வந்தேன்.

அவள் அங்கே குழந்தையின் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். அத்தனை வருடத்தில் முதன்முறை பார்க்கிறேன். கூடை என் கையில் கிலுங்கியது.

"அப்பா சொன்னவர்" என்றாள்.

"இப்பவாவது உங்களுக்கு உண்மை தெரிஞ்சுதே."

"எனக்கு அப்பவே தெரியும். நீங்கள் கதைக்கேக்க இந்தக் கிளாஸ் கிலுங்கிற சத்தம்தான் பின்னால கேக்கும். குடிக்கிறவன்ர கையில ஒரு கிளாஸ்தானே இருக்கும்?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆர் கேட்டது? அப்பா சுவிஸ் முழுக்க விசாரிச்சவர். என்னட்ட ஒருத்தரும் விசாரிக்கேல்லை." குழந்தையின் கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "நீங்களும்தான்."

அவளுடைய குரலில் இருந்தது கவலை இல்லை. கோபம். நான் வைத்திருந்ததுபோலவே, பழுதாகாமல் வைத்திருந்த கோபம். உள்ளே இருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வாசலில் அவளுடைய கணவர் நின்று, ஒன்றும் சொல்லாமல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இவர் குடிக்கிறேல்லை" என்றாள். "கதைக்கிறதும் இல்லை."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் குழாயைத் திறந்து கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினேன். மண்டபத்துக்குள் அந்த அண்ணை தூணுக்குப் பின்னால்தான் இருந்தார். இன்னொரு தரம் போய் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அவருக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்திருந்தேன். இந்தப் புதுக் கோபத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு ஆள் இல்லை.