சந்தனப் பொட்டுக்குக் கீழே இரண்டு திருகாணிகள்

போன வாரம் எனக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது. கேட்காமலே கிடைத்தது.

சுங்கை சிப்புட் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்கு மூக்குப்பொடி வாங்கப் போயிருந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, வந்தால் எழுந்திருப்பது வழக்கம்தான். ஆனால் இது வேறு மாதிரி... கோயில் குருக்களுக்கு எழுந்திருப்பது போல. கடைக்கார ராவுத்தர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "தெய்வ பயம் உள்ள ஆளுன்னு அஞ்சலை சொல்லுச்சு. அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அதெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் முகம் கூசுகிறது.

விஷயம் ஒரு துப்பாக்கி.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் வேலை நாள் குறைந்துவிட்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டிருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலையும் போட்டிருந்தாள். அவள் புருஷன் பத்து காஜா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். வீட்டில் அடுப்பு எரிவது பெரும்பாலும் அந்தக் கிழங்கை நம்பித்தான். அந்தக் கிழங்கை நம்பி இன்னொரு கூட்டமும் இருந்தது — காட்டுப் பன்றிகள். ஒரு பக்கம் இவள் தகர டின்னைத் தட்டுவாள், மறுபக்கம் அவை தோண்டும்.

எங்கள் துரையிடம் ஒரு பழைய ரைஃபிள் கிடந்தது. இரும்பு பாகமெல்லாம் நன்றாக இருந்தது, குழலைத் தாங்கும் மரக் கட்டையைத்தான் கரையான் தின்றுவிட்டது. பன்றியை விரட்ட அதை எனக்குக் கொடுத்தார். போலீசில் லைசென்ஸும் என் பேருக்கு வாங்கிக் கொடுத்தார். ஈப்போ துப்பாக்கிக் கடையில் கொடுத்துப் புதுக் கட்டை போட்டுக்கொள் என்றார். நான் கேட்டேனா? படம் போட்ட கேட்லாக் ஒன்றை வாரக் கணக்கில் புரட்டியதில், வீட்டிலேயே பூட்டிவிடலாம் என்று தைரியம் வந்துவிட்டது. அஞ்சலை வந்து எப்போது தயாராகும் என்று கேட்டபோது, ஆயுத பூஜைக்குள் முடித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் என்னைவிட மூத்தவள். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கிராணி அப்படித்தான் கூப்பிடுவது.

ஈப்போவுக்கு ரயில் ஏறினேன். துப்பாக்கிக் கடையில் கட்டை வாங்கினேன். இரண்டு கட்டை காட்டினார்கள். ஒன்று மங்கலாக, அளவாக இருந்தது. இன்னொன்று கண்ணாடி மாதிரி பாலிஷ். எதை எடுத்திருப்பேன் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

பிறகு ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் இரும்புக் கடை. திருப்புளிகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. தடித்த மரப்பிடி, எண்ணெய்ப் பிசுக்கு, கையில் எடுத்தாலே மெக்கானிக் என்று தெரிந்துவிடும். ஒரு கிராணி அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வரலாமா? தெரிந்தவர்கள் பார்த்தால்? கண்ணாடி அலமாரிக்குள் தோல் உறை போட்ட செட் ஒன்று இருந்தது. மெல்லிய அலகு, வெள்ளிபோல் பளபளப்பு, கோட்டுப் பையில் பேனா செருகுகிற இடத்தில் அடங்கும். தவுக்கே எதற்கு என்று மலாயில் கேட்டார். வீட்டு வேலைக்கு என்று சொல்லி வாயை அடைத்தேன். பழைய திருகாணிகள் கறுத்துக் கிடந்ததால், பார்வைக்கு அழகாகப் பித்தளையில் இரண்டு வாங்கினேன். மரையெல்லாம் கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருந்தது.

கிட்டத்தட்ட!

வீட்டுக்கு வந்து குழலைக் கட்டையில் வைத்தேன். உட்கார்ந்தது, ஆனால் ஆடியது. திருகாணி இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதலில் சுகமாகத்தான் இறங்கியது. பாதியில் பிடித்துக்கொண்டது. கோட்டுப் பை திருப்புளியை வைத்து முழு பலத்தோடு திருகினேன்... அலகு வழுக்கியது. இன்னும் திருகினேன். பித்தளைத் தலையில் இருந்த வெட்டு கரைந்து, எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவதற்கும் அதே கதி. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஆடுகிற துப்பாக்கியைச் சுட்டால் குண்டு எங்கே போகும் என்று அந்தக் கேட்லாக்குக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் ஆயுத பூஜை. ஆபீசில் தராசு, டைப்ரைட்டர், பால் வெட்டும் கத்திகள் எல்லாவற்றையும் கழுவி அடுக்கியாகிவிட்டது. நடுவில் இடம் விட்டு, கிராணியின் துப்பாக்கிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோகாமல் இருக்க முடியுமா?

கொண்டுபோனேன். போவதற்கு முன்னால் சந்தனம் குழைத்தேன். கெட்டியாக. அந்த இரண்டு திருகாணித் தலைகள் மேலும் பெரிய பெரிய பொட்டாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். நான் செய்த வேலையிலேயே கச்சிதமாக முடிந்தது அதுதான்.

கற்பூரம் காட்டியதும் ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். குழலைத் தொடப் பயந்துகொண்டு, பொட்டு இருந்த இடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் கைகட்டி நின்றேன்.

அன்று பொழுது சாயும் நேரத்துக்கு அஞ்சலை ஆபீசுக்கு ஓடி வந்தாள். பன்றிகள் கூட்டமாக இறங்கிவிட்டன என்றாள். மூச்சு வாங்கியது. என் வாயில் பதில் தயாராக இருந்தது.

"பூஜையில இருக்கு அஞ்சலை. நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னைக்குத் தொடக்கூடாது."

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்பது. அது நம் வழக்கம், பொய் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் சோறு போகிறபோது சாமி கோபித்துக்கொள்ளும் என்று நான் நிஜமாகவே நம்பினேனா? துப்பாக்கி நன்றாக இருந்திருந்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அவள் பூஜைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தகர டின்னைத் தட்ட ஓடினாள்.

விடிந்து போய்ப் பார்த்தேன். உழுதுபோட்ட வயல் மாதிரி இருந்தது. கடித்து எறிந்த துண்டுகளை அவள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நீங்கள் என்ன செய்வீர்கள், சாமி காரியம் இல்லையா என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்! லயம் முழுக்க அதையே சொல்லியும் வைத்தாள். அதுதான் ராவுத்தர் கடை வரைக்கும் வந்தது.

கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. திருகாணிகள் இளித்துக்கொண்டிருந்தன. மூக்குப்பொடி போடவும் பிடிக்கவில்லை, சாப்பிடவும் பிடிக்கவில்லை. இவ்வளவு கேவலமாக என்னை நானே உணர்ந்தது இல்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக அஞ்சலை வீட்டு வாசலுக்குப் போனேன். திருகாணித் தலைகளைக் காட்டினேன். ஈப்போவில் வாங்கியதிலிருந்து பொட்டு வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து, அந்தத் திருகாணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த எடத்தத்தான் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்" என்றாள்.

இன்னொரு தோட்டத்தில் சொல்லி மரவள்ளிக் குச்சி வாங்கித் தருகிறேன், நானே வந்து நட்டுத் தருகிறேன், துப்பாக்கியை நாளைக்கே ஈப்போ கடையில் கொடுக்கிறேன் என்று எதையோ உளறினேன். சரி என்று தலையாட்டினாள். திரும்பியபோது கூப்பிட்டாள்.

"ஐயா, நான் லயமெல்லாம் உங்களப் பெருமையாச் சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப போயி மாத்திச் சொன்னா, கெழங்கு போன ஆத்திரத்துல பேசுறேன்னுதான் நெனப்பாங்க லா. நீங்கதான் வாராவாரம் பேப்பர்ல எழுதுறீங்களே... அதுல எழுதிடுங்க. ராவுத்தர் கடையில சத்தமா வாசிப்பாங்க. நானும் வந்து நின்னு கேட்டுக்கிறேன்."

துப்பாக்கியும் இரண்டு பித்தளைத் திருகாணிகளும் இப்போது ஈப்போவில் இருக்கின்றன. தோல் உறை போட்ட செட் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதில் ஒரு பேனாகூடத் திறக்க முடியாது. இந்தப் பத்தியில் எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். யாருக்கும் சொல்லும் யோக்கியதை இந்த வாரம் எனக்கு இல்லை. ராவுத்தர் கடையில் இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும், கடைசி வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசிக்க வேண்டுகிறேன்.

எழுதிவிட்டேன், அஞ்சலையக்கா.