'வலி இல்லீங்க' என்று நான் சொன்ன பொய்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களை ஓட்டிவிட்டேன். பத்தாவது தாண்டாதவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கூச்சம் பாதி. டாக்டரிடம் பொய் சொன்னவன் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற வெட்கம் மீதி. முருகன்மேல் பாரத்தைப் போட்டு இன்று உட்கார்ந்துவிட்டேன்.

2006, 2007 வாக்கில் நடந்தது. திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது எங்கள் வேலை. ஒரு நாள் சாமளாபுரத்தில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மொபெட் குழியில் இறங்கி, ரோட்டோரக் கல்மேல் விழுந்தேன். இடது பக்கம் ஐந்து விலா எலும்புகள் முறிந்துவிட்டன. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மூச்சை இழுத்தால் உள்ளே கத்தி திருகுகிற மாதிரி இருக்கும். ஆனால் நான் தைப்பூசம் தவறாமல் அலகு குத்திக்கொள்கிறவன். வலியை வெளியே சொன்னால் அது முருகனுக்கே இழுக்கு என்று ஒரு வீம்பு. டாக்டரம்மா வந்து கேட்கும்போதெல்லாம் "வலி இல்லீங்க" என்பேன். ஆழமாக மூச்சு விட்டுப் பழகச் சொல்லி, மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்ப வேண்டும். எனக்கு முதல் பந்தே அசையவில்லை. யாரும் பார்க்காதபோது அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

மூன்றாம் நாள், எங்கள் செக்கிங் டேபிளில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் பார்க்க வந்தது. கட்டில் ஓரத்தில் இருந்த எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது. பிறகு பையிலிருந்து அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து, முறிந்த இடத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டியது.

"ஏண்ணே, ஒரே பீஸ்ல அஞ்சு டேமேஜ்! எங்கள அந்த ஏச்சு ஏசுவிய. இத மட்டும் எப்படிண்ணே ஓக்கேன்னு பாஸ் பண்ணுனிய?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடுத்த நொடி "முருகா!" என்று அலறிய அலறல் வராந்தா வரை கேட்டிருக்கும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் டாக்டரம்மா நிற்கிறார்.

"இதுதானுங்களா உங்க வலி இல்லீங்க?"

அன்று அவர் பூசி மெழுகாமல் பேசினார். வலிக்குப் பயந்து நான் இருமாமல் இருந்ததால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் தொடங்கிவிட்டது. இப்படியே விட்டால் மூச்சுக்கு மிஷின் வைக்க வேண்டி வரும். ஆபரேஷன் செய்து எலும்பைத் தகடு வைத்துச் சேர்க்கப் போகிறோம், அப்போதே விலாவுக்குக் கீழே ஓடும் நரம்புகளைக் கடுங்குளிர்க் கம்பியால் தொட்டு உறைய வைத்துவிடுவோம், சில மாதங்களுக்கு அந்த நரம்பு வலியைச் சொல்லாது, பிறகு தானாகவே மறுபடி வளர்ந்துவிடும் என்றார்.

நரம்பை உறைய வைப்பதா? நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

"கை விழுந்துருமுங்களா? துணி புரட்டிப் பொழைக்கறவனுங்க."

"கைக்குப் போற நரம்பு வேறீங்க. அந்தப் பக்கத்துத் தோல்தான் கொஞ்ச நாளைக்கு மரத்துக் கெடக்கும்."

அப்போதும் நான், ஆபரேஷன் பண்ணுங்கள், நரம்பைத் தொட வேண்டாம், சாமி கொடுத்த வலியை நானே தாங்கிக்கொள்கிறேன் என்றேன். கட்டிலருகே நின்றிருந்த என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஒரு இருமல் இருமத் துப்பில்லை, இதுல தாங்கறாராம்! உங்க வலியக் குடுன்னு முருகன் வந்து கேட்டாருங்களா? எனக்கு உங்க மூச்சு வேணுமுங்க" என்று சொல்லி ஆபரேஷன் சம்மதப் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

வலி அறவே இல்லை என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு தோள்பட்டை கடுத்தது, முதல் நாள் மயக்கமாகவே கிடந்தேன். ஆனால் மறுநாள் எழுப்பி உட்கார வைத்து இருமச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருமினேன். அந்தக் கத்தியைக் காணோம்! பந்துக் கருவியை நானே கேட்டு வாங்கினேன். அன்று ஒரு பந்து. அடுத்த நாள் இரண்டு. அதற்கும் அடுத்த நாள் மூன்றாவதும் 'டக்' என்று மேலே போய் முட்டியது. மனைவி போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

பக்கத்துக் கட்டில் பெரியவர் அவளிடம், "ஏங்கண்ணு, பந்துதான மேல போச்சு? நீ கத்துன கத்துல எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு போ" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், வயிறு குலுங்க.

வீட்டுக்கு வந்த பிறகும் இடது பக்கம் மரக்கட்டை மாதிரிதான் இருந்தது. சோப்புப் போட்டால் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றிவிட்டு வந்து மனைவி கிள்ளிப் பார்ப்பாள். "தெரியுதுங்களா?" "இல்லை." இப்படியே நாலைந்து மாதம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் வந்து கிள்ளினாள். "ஆ! கொல்லப் பாக்கறயா?" என்று துள்ளினேன். அவள் கைதட்டிச் சிரித்துக்கொண்டே ஓடிப்போய், காலையில் ஏற்றிய விளக்கை மறுபடி ஏற்றினாள். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

அடுத்த தைப்பூசத்துக்கு அலகு குத்தவில்லை. கூட்டத்தோடு நடந்து போய், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "அரோகரா" போட்டேன். முருகன் கேட்டது அந்த மூச்சு ஒன்றைத்தானோ என்று இன்றும் தோன்றுகிறது.

எங்கள் கம்பெனியில் இந்தக் கதை டேபிளுக்கு டேபிள் வளர்ந்து, என் இருதயத்தையே ஐஸில் வைத்து எடுத்ததாக ஆகிவிட்டது. அதனால் ஒரு வேண்டுகோள். எங்கேயோ ஒரு கட்டிலில் இன்றைக்கும் ஒருவர் என்னைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு "வலி இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் காதுக்குப் போகும் வரை இதைக் கூட்டாமல் குறைக்காமல், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து, அப்படியே சொல்லுங்கள்.