முழங்காலா, நெஞ்சா?

வெள்ளம் வடிந்த மறுவாரம், ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்குச் சாயம் அடிக்க, கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரியில் வந்தார் சாயக்காரர். ஒல்லியான உடம்பு, காதில் பென்சில், புருவத்தில் வெள்ளைச் சாயப் பொட்டுகள். வாளியைக் கீழே வைக்குமுன்பே கேட்டார்:

“தண்ணி எவ்வளவு ஏறிச்சுண்ணே?”

“நெஞ்சு வரைக்கும்.”

இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி, சுவரில் சேறு விட்டுப்போன கோட்டை அளந்தார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார்.

“அப்போ நீங்க தரையில உக்காந்திருந்தீங்களாண்ணே?”

எனக்குச் சுருக்கென்றது. அவரை மடக்கிவிட நினைத்தேன்.

“உலகமே முங்கிச்சு, படகுல ஏறுனவங்க மட்டும் பொழைச்சாங்கன்னு எத்தனை மதத்துல சொல்லியிருக்கு? அங்கேயும் போய் நாடா பிடிப்பீங்களா?”

“வெள்ளம் வந்தது நெசமா இருக்கும் லா. உசரத்தைத்தான் நான் நம்பமாட்டேன். உங்க வீட்டுக் கோடு இன்னும் காயவே இல்ல, அதுக்குள்ள நெஞ்சுக்கு ஏத்திட்டீங்க. அது எத்தனை ஆயிரம் வருசமா வாய் மாறி வந்த தண்ணி!”

மூன்று நாளில் வேலையை முடித்தார். அலமாரிக்குப் பின்னால் மட்டும் ஒரு முழம் சுவரைச் சேற்றுக் கோட்டோடு அப்படியே விட்டிருந்தார்.

“இதை மறந்துட்டீங்களே?”

“இல்லண்ணே, நீங்க மறந்திடக்கூடாதுல்ல” என்று சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த வெள்ளத்தைப் பற்றி இன்றும் சொல்கிறேன். இப்போது தண்ணீர் கழுத்து வரை வந்துவிட்டது. அலமாரியை நகர்த்த மட்டும் யாரையும் விடுவதில்லை.