எந்த இயக்கம் என்று கேட்டவர்

கிறிஸ்துநாயகத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவரைக் கைவிட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறு ஒருவரும் வாய் திறப்பதாகக் காணோம். அவரும் இப்போது தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் மினிகாப் ஓட்டிக்கொண்டு, காரில் ஏறுகிறவர்களிடம் போகவேண்டிய இடத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாராம். அதனால் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யோகராஜாவாகிய நான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் என் கடைக்கு வரவேண்டாம். வராமல் விட்டவர்கள் ஏற்கெனவே கனபேர்.

மன்னார் ஆள் அவர். எண்பத்து நாலில் லண்டனுக்கு வந்தார். கொஞ்சக் காலம் பெற்றோல் செட்டில் நின்றார், பிறகு மொழிபெயர்ப்பாளரானார். அகதி விண்ணப்பம் போடும் நம் ஆட்களோடு, வழக்கை நடத்தும் சொலிசிற்றர் கந்தோருக்குப் போய், அவர்கள் அழுது சொல்வதை ஆங்கிலத்தில் அழாமல் சொல்லவேண்டும். அதுதான் வேலை. அந்த வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. ஒரு சொல்லையும் தெளிவில்லாமல் போகவிடமாட்டார். ‘ஆமி அடிச்சது’ என்றால் எத்தனை பேர், எதால், எந்தத் தோளில் என்று கேட்பார். ‘இயக்கத்தில் இருந்தனான்’ என்றால் எந்த இயக்கம் என்று கேட்பார். கேட்காவிட்டால் படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும், வழக்கும் அதோடு படுத்துவிடும். சீஐடியைவிட மோசமான மனிசன் என்று அவரைத் திட்டியவர்கள், விசா கிடைத்ததும் கேக் பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். நானும் நின்றேன்.

தொண்ணூற்று மூன்றில் அவருக்கு வானொலிப் பைத்தியம் பிடித்தது. கிரேக்கர், ஈரானியர், ஆபிரிக்கர் என்று பல சனத்துக்கும் நேரத்தை வாடகைக்கு விடும் ஒரு நிலையத்தில், ஞாயிறு பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை எடுத்தார். முதல் மணித்தியாலம் பாட்டும் வாழ்த்தும். இரண்டாவது மணித்தியாலம் ‘நாட்டு நடப்பு’. யாரும் தொலைபேசி எடுத்து அரசியல் பேசலாம். மனைவி பியற்றிஸ் அழைப்புகளை வாங்கி உள்ளே விடுவா, இவர் பேசுவார். பேசுவார் என்பதைவிடக் கேட்பார் என்பதுதான் சரி.

இப்படியான வானொலியை நடத்துவது லேசான வியாபாரம் இல்லை. வாடகை மாதம் பிறக்க முதல் கட்டவேண்டும், பிந்தினால் அடுத்த ஞாயிறு வேறு பாஷை பேசும். பெரிய கொம்பனிகள் நம்மை ஏறெடுத்தும் பார்க்கா. நகைக்கடை, விமான ரிக்கற் விற்பவர், கடன் எடுத்துத் தருபவர், என்னைப்போலக் கத்தரிக்காய் விற்பவன், இவ்வளவு பேரும்தான் விளம்பரம். எனக்கு எழுதிய விளம்பரத்தை அவரே தன் கனத்த குரலில் வாசித்தார். ‘மிச்சத்தில் வாங்கினால் மிச்சம்.’ கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். விளம்பரத்தைவிட முக்கியமானது, சனம் காசு கட்டிக் கொடுக்கும் மரண அறிவித்தல். உண்மையைச் சொன்னால் செத்தவர்கள்தான் அந்த வானொலியைத் தாங்கினார்கள். அரசியல் பேச்சைக் கேட்க வந்த சனத்துக்காக மரண அறிவித்தல் வந்தது, மரண அறிவித்தலுக்காக இன்னும் சனம் வந்தது.

தொண்ணூற்றாறு மாசி மாதம். யாழ்ப்பாணம் முழுவதும் வெளிக்கிட்டு வன்னிக்குப் போய் நாலு மாதமாகவில்லை. எல்லோருக்கும் நெஞ்சு புண்ணாக இருந்த நேரம். அன்றைய ‘நாட்டு நடப்பில்’ கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து கமலாம்பிகை என்ற அம்மா பேசினார். இடம்பெயர்ந்த சகோதரியைப் பற்றித்தான் தொடங்கினார். பேச்சோடு பேச்சாக, தன் மகனும் இயக்கத்தில் இருந்தவன், எண்பத்தாறில் போனவன், இன்னும் வரவில்லை என்றார்.

“எந்த இயக்கம், அம்மா?” என்று கேட்டார் கிறிஸ்துநாயகம்.

நான் தராசில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. வெளியாளுக்கு இதில் என்ன என்று இருக்கும், சொல்லுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒன்றல்ல, கனக்க இயக்கங்கள் இருந்தன. பெடியன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றால் எந்த இயக்கம் என்றுதான் அடுத்த கேள்வி. பிறகு ஒன்று மற்றவற்றை அடித்து முடித்தது. அதன் பிறகு இயக்கம் என்றால் ஒன்றுதான். அந்தக் கேள்வி எங்கள் வாயிலிருந்தே மறைந்துவிட்டது. சொலிசிற்றர் கந்தோருக்குள் மட்டும், கதவைச் சாத்திவிட்டுக் கேட்கலாம். மனிசன் கிழமை முழுவதும் அங்கே கேட்ட கேள்வியை ஞாயிற்றுக்கிழமை லண்டன் முழுவதும் கேட்கும்படி கேட்டுவிட்டார். துணிச்சலில் கேட்கவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

அந்த அம்மா, “பத்து வருசமா என்னட்டை இதை ஒருத்தரும் கேக்கேல்லை, தம்பி” என்றார். ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. மகனை ஆமி பிடிக்கவில்லை, எங்கட பெடியள்தான் வீட்டுக்கு வந்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள் என்றார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு போனவனாம். சேட்டுப் போடக்கூட விடவில்லையாம். கிறிஸ்துநாயகம் குறுக்கே பேசாமல் கேட்டார். நாலு மணி ஆகிவிட்டது.

ஒரு சண்டையும் நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். ஒருவரும் தொலைபேசியில் தூசணம் பேசவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. நகைக்கடைக்காரர் மாசியில் வியாபாரம் மந்தம் என்றார். ரிக்கற்காரர் பங்காளியோடு கதைக்கவேண்டும் என்றார். விளம்பரத்தை நிறுத்த எல்லோருக்கும் ஒரே கிழமையில் காரணம் கிடைத்தது.

நான் அவர்கள் எல்லோருக்கும் முந்திவிட்டேன். திங்கட்கிழமை காலையே அவருக்குத் தொலைபேசி எடுத்து, கடை திருத்தப்போகிறேன், கொஞ்ச நாளைக்கு விளம்பரம் வேண்டாம் என்றேன். எனக்கு மற்றவர்களைவிட அவசரம் இருந்தது. என் மனைவி தவநாயகியின் தம்பி ஒருவன், அந்த அம்மா சொன்ன அதே இயக்கத்தில் இருந்து, அதே மாதம் போனவன். அவனுடைய பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்பது கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் போட்ட சட்டம். படமும் கிடையாது, திவசமும் கிடையாது. தவநாயகி ஒருநாளும் அதை மீறியதில்லை. அவளுக்கு மறந்துபோயிற்று என்றே நினைத்திருந்தேன்.

பொய்யென்று தெரிந்துவிடுமே என்று கடைவாசலில் ஒரு ஏணியும் பெயின்ற் வாளியும் வைத்தேன். புதன்கிழமை கிறிஸ்துநாயகமே வந்தார். வாளியைப் பார்த்தார். இரண்டு கட்டு முருங்கைக்காய் வாங்கினார். என்ன நிறம் அடிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். வெள்ளை என்றேன். நல்ல நிறம் என்றுவிட்டுப் போனார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மரண அறிவித்தல்களும் நின்றன. லண்டனில் அந்தக் கிழமை தமிழர் ஒருவரும் சாகவில்லை என்று நம்பவேண்டியிருந்தது. செத்த தகப்பனின் பெயரைக்கூட அந்த வானொலியில் சொல்லவிடச் சனம் பயந்தது.

பங்குனி மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை பின்னேரம் அவருடைய வீட்டுக்கு இரண்டு பேர் போனார்கள். பியற்றிஸ் பிறகு தவநாயகியிடம் சொன்னது இது. ஒருவன் பேசவே இல்லையாம். மற்றவன் குகதாசன், இயக்கத்தின் மாவீரர் விழா, நிதி சேர்ப்பு என்று எல்லா இடமும் முன்னுக்கு நிற்கும் பிள்ளை. எங்களுக்கெல்லாம் தெரிந்தவன், மரியாதையானவன். சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டு வந்து, தோடம்பழப் பை ஒன்றைக் கொடுத்து, தேத்தண்ணி குடித்தான். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. வானொலி எங்கள் சனத்துக்குத் தேவை, அது நிற்கக்கூடாது என்றான். அந்த அம்மாவுக்கு மனநிலை சரியில்லை என்று ஒரு வசனம், அவ்வளவுதான், வருகிற ஞாயிறோ அடுத்த ஞாயிறோ சொல்லிவிட்டால் விளம்பரம் எல்லாம் தன்பாட்டில் திரும்பி வரும் என்றான். எழும்பும்போதுதான் கேட்டான்.

“அண்ணை, உங்கட அம்மா இப்ப மடுவிலைதானே இருக்கிறா? கோயில் முகாமிலை?”

ஓம் என்றார் கிறிஸ்துநாயகம். மடு அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது.

“கவனமாப் பாக்கச் சொல்லுறன்” என்றான் குகதாசன்.

பியற்றிஸ் அந்தத் தோடம்பழங்களைப் பையோடு குப்பையில் போட்டாவாம்.

அடுத்த ஞாயிறு அவர் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. விளம்பர நேரங்களில் பாட்டுப் போட்டார். தொலைபேசி எடுத்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் குளிரைப் பற்றிப் பேசினார்கள். நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. பங்குனி முடிய முதல் பணம் வராவிட்டால் நேரம் வேறு ஆட்களுக்கு என்றது. அந்த மணித்தியாலம் போனால் எங்கள் சனம் வாய் திறக்க வேறு இடம் இல்லை, அது அவருக்குத் தெரியும். சொன்னால் ஒரு தாயை விசரியாக்கவேண்டும். சொல்லாவிட்டால் வானொலி போகும், தன் தாய் என்னாவாள் என்பதும் தெரியாது. மனிசன் அந்தக் கிழமை சவரம் செய்யவில்லை என்று பியற்றிஸ் சொன்னா.

சனிக்கிழமை ரயில் ஏறி குட்மேய்ஸுக்குப் போனார். கமலாம்பிகையின் முன்னால் இருந்து, நடந்த எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். அந்த அம்மா யோசிக்கவே இல்லையாம்.

“சொல்லுங்கோ தம்பி. எனக்கு விசர் எண்டு சொன்னால் என்ரை பிள்ளை இன்னொருக்காச் சாகப்போறானே? நீங்கள் றேடியோவை விட்டுடாதேங்கோ.”

மறுநாள் ஞாயிறு, பங்குனி கடைசி. அவர் சொல்லப்போகிறார் என்ற கதை எப்படியோ பரவிவிட்டது. மூன்று மணிக்கு என் கடையில் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. அரிசி மூட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன், எனக்கும் அது முடிந்தால் சரி என்று இருந்தது. நாளைக்கே விளம்பரத்தைத் திரும்பக் கொடுக்கலாம், ஏணியை உள்ளே எடுக்கலாம்.

அவர் சொன்னார். படிவத்தை வாசிக்கும் குரலில், மாசி மாதம் இந்த நிகழ்ச்சியில் பேசிய அம்மா மனநிலை சரியில்லாதவர் என அறியத்தருகிறோம் என்றார். மூச்சு வாங்கியது கேட்டது. பிறகு, இனி நீங்கள் பேசலாம் என்றார்.

முதல் அழைப்பு ஒரு வயதான பெண். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

“தம்பி, எனக்கும் விசர். என்ரை மூத்தவனையும் எண்பத்தாறிலை கூட்டிக்கொண்டு போனவை.”

பியற்றிஸ் அழைப்பை வெட்டியிருக்கலாம். இவரும் ஒரு பாட்டைப் போட்டுத் தப்பியிருக்கலாம். அவர் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார். அந்த அம்மா சொல்லி முடிந்ததும் அடுத்த அழைப்பை விடச் சொன்னார். அது ஒரு ஆண் குரல், இருமிக்கொண்டே பேசியது. தனக்கு விசர் பிடித்து ஒன்பது வருடம் என்றது. அவருடைய மகனின் பெயரையும் கேட்டார். கடையில் நின்ற ஒருவர் மெல்லக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மூன்றாவது குரல் வந்தது. “அண்ணை, எனக்கும்...” என்று தொடங்கியது. அந்தக் குரல் பெட்டியிலிருந்தும் வந்தது, தலைக்கு மேலிருந்தும் வந்தது. கடைக்கு மேல்மாடியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். மிச்சம் நின்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் பாய்ந்து வானொலியை நிறுத்தினேன்.

கடை அமைதியானது. தவநாயகி மேலே தன் தம்பியின் பெயரைச் சொல்வது முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அவனுடைய வயதைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். பிறகு, ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று அவர் கேட்டிருக்கவேண்டும். அவள் என் பெயரைச் சொன்னாள்.