ஜீப்புக்குத் தீட்டுக் கழித்தல்

“…வண்டிக்கு மட்டும்தானோ தீட்டு? நானும்தானே கூட வந்தனான், என்னை ஏன் ஒருத்தரும் கழுவேல்லை?”

ஜீப்பின் பின்கதவில் கை வைத்தபடி இப்படிக் கேட்டவர் எங்கள் தோட்டத்து மருத்துவிச்சி. யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டமே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். அவருக்கு எதிரே வாளி நிறைய மஞ்சள் தண்ணீரோடு நின்றவர் என் தங்கையின் மாமியார், எனக்கு அத்தை. நான் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. லயத்து வரிசை வீட்டு வாசலில் என் தங்கை இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். மத்தியானத்திலிருந்தே வலி வந்து வந்து போகிறதாம். அவளுக்கு முதல் பிள்ளையையே வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இதையும் லயத்தில் வைத்துப் பார்க்க முடியாது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று மிஸ்ஸி பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அவள் குழந்தையையும் பதுளையிலிருந்து கொண்டுவந்து அப்போதுதான் இறக்கியிருந்தோம். அந்தச் சூடு ஆறுவதற்குள் தங்கையை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆனால் பிள்ளை பெற்றவள் இறங்கிய வண்டியைக் கழுவாமல் இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றக்கூடாது என்பது தோட்டத்தில் எங்கள் மேல் டிவிசன் வழக்கம். கழுவினால், எனக்குத் தெரியும், போகிற வழியிலேயே விளக்கு கெட்டுவிடும்.

விளக்கு என்றால் டாஷ்போர்டில் இருக்கிற ஒரு சின்ன விளக்கு. தோட்டம் அந்தப் பழைய ஜப்பான் ஜீப்பை மொனராகலைக்காரர் ஒருவரிடம் வாங்கியிருந்தது. பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிற டிபரன்சியல் லொக் அதில் உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்ற, மற்றது வேடிக்கை பார்க்கும் அல்லவா? லொக் போட்டால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். எங்கள் மேல் டிவிசனிலிருந்து தெமோதரை ரோட்டுக்கு வர ஓர் ஓடையைக் கடந்து களிமண் மேடு ஒன்றை ஏற வேண்டும். மழை நாளில் லொக் இல்லாமல் அதை ஏற முடியாது. மேடு முடிந்ததும் கொண்டை ஊசி வளைவு. அங்கே லொக் கழன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் ஜீப் நேரே பள்ளத்தைப் பார்த்துப் போகும்.

லொக் விழுந்ததா, கழன்றதா என்று டிரைவருக்குச் சொல்வது அந்த விளக்குதான். பின் அச்சில் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் இருக்கிறது. அது சொல்ல, விளக்கு எரியும், அணையும். சென்சாருக்குள் தண்ணீர் போய்விட்டால் விளக்கு எதையும் சொல்லாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கொழுந்து மூட்டையோடு முன்சீட்டில் ஏறிய அக்கா ஒருத்தி ஒரு நாள், “என்னா அண்ணே, வண்டி ஒங்களப் பாத்து கண்ணடிக்குது? வீட்ல சொல்லவா?” என்றாள். சிரித்தேன். சிரித்த வாயோடு இறங்கி அச்சுக்கடியில் குனிந்தேன்.

ஏனென்றால் அதற்கு முன்பே ஒரு தடவை, சிமிட்டுகிற விளக்கை வைத்துக்கொண்டு வளைவுக்கு வந்து, லொக் கழன்றுவிட்டதென்று நானே நினைத்துக்கொண்டு திருப்பினேன். ஜீப் திரும்பவில்லை. தேயிலைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. பின்னால் ஒரு கர்ப்பிணி. நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மிஸ்ஸி இறங்கி வந்து அந்த விளக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எரியிறதெண்டா எரிய வேணும், நூருறதெண்டா நூர வேணும். ரெண்டுங்கெட்ட லைற்றை நம்பி இனி நான் ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் கொண்டு வரமாட்டன் அண்ணை.”

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. மெக்கானிக் பாஸ் யாரிடமும் வேலை பழகியவனல்ல நான். கழற்றிக் கழற்றிப் பழகியவன். சென்சாரின் பிளக்கைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, காயவைத்து, பின்னை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டினேன். தொங்கிய வயரை மேலே தூக்கிக் கட்டினேன். அச்சு மூச்சு விடுகிற குழாயை நீட்டி, தண்ணீர் எட்டாத உயரத்தில் சொருகினேன். லொக் துருப்பிடித்து இறுகாமலிருக்க ஞாயிறு தவறாமல் பந்தடிக்கிற இடத்து ஈர மண்ணில் போட்டுப் போட்டுக் கழற்றினேன். விளக்கு ஒழுங்காக எரியும். பிறகு திடீரென்று ஒரு நாள் பழையபடி சிமிட்டும்.

“படுத்தா ஜீப்புக்கடியில, எந்திரிச்சா வானத்தப் பாத்துகிட்டு. இந்த வீட்ல எங்கள யாரு பாக்குறது?” என்று மனைவி சோற்றுத் தட்டைத் தட்டென்று வைப்பாள். பாதிச் சோற்றில் எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்ப்பேன்.

ஒரு நாள் பிளக்கைக் கழற்றியபோது விரலில் ஒரு சொட்டு விழுந்தது. துடைக்கப் போனவன் நின்றேன். மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சமையல் மஞ்சள்தான்.

ஓடைத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேன், மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். மலையேறி வந்து கொதிக்கிற அச்சில், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும், எங்கள் சனமே வாளி வாளியாக மஞ்சள் கரைத்த பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறது. சுர்ரென்று ஆவி பறக்கும். அதைப் பார்த்து, “தீட்டுப் போகுது பாரு” என்பார்கள். கொதிக்கிற இரும்பு சட்டென்று குளிர்ந்தால் கிடைத்த இடுக்கால் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். என் சைக்கிள் டியூப் அதற்கு எம்மாத்திரம்!

அத்தையிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மேல் லயத்தில் அந்தக் காரியத்துக்கு அவர்தான் முதல் ஆள். “அடியில வேணாம் அத்தை, மேலுக்கு ஊத்துங்க.”

“வீட்டுக்கு வாற மனுசன் தலையிலயா தம்பி தண்ணி ஊத்திக்கிறான்? காலத்தான கழுவுறான். வண்டிக்கு காலு அதுதான? நாளைக்கு திருவிழாவுக்கு அம்மன் சாமான் ஏத்துற வண்டி வேற.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரும்புச் சூட்டைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லவே, கடைசியில் சூடு ஆறின பிறகு ஊற்றுவதென்று ஒத்துக்கொண்டார். லொறி டியூப்பில் ஒரு மறைப்பு வெட்டி சென்சாருக்கு முன்னால் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் விளக்கு கெடவில்லை. மிஸ்ஸியும் பழையபடி ஏறினார்.

ஆனால் இன்றைக்குச் சூடு ஆறக் காத்திருக்க நேரமில்லை. தங்கை வாசல் தூணில் சாய்ந்து பல்லைக் கடித்தாள். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

“ஆறட்டும்னா புள்ள தாங்காது, கழுவாம ஏத்துனா எனக்கு மனசு தாங்காது,” என்று அத்தை வாளியோடு பின்சக்கரத்துக்குக் குனிந்தார். வரப்போவது அவருடைய பேரப்பிள்ளைதானே. “மொத புள்ளைக்கே கத்தி வச்சாங்க. இதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா, கழுவாம ஏத்துனவ நான்தான்னுவாங்க.”

“அத்தை, அந்த மேட்டுல வண்டி ஏறாட்டி…” என்று தொடங்கினேன்.

அப்போதுதான் மிஸ்ஸி குறுக்கே வந்து, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். அத்தை குனிந்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

“ஒங்களப் போயி கழுவுறதா? நீங்க மனுசரு மிஸ்ஸி!”

“அந்தப் பிள்ளையைத் தூக்கினது நான். தாயைப் பிடிச்சு ஏத்தினது நான். தகரத்தில ஒட்டின தீட்டு என்னில ஒட்டேல்லையோ? என்ன கதை இது?”

வாளி சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சாய்ந்தபடி நின்றது.

மிஸ்ஸி செருப்பைக் கழற்றினார். அத்தையின் கையிலிருந்த வாளியை வாங்கி, தோளுக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். வெள்ளை உடுப்பு கால் வரை மஞ்சளாகிவிட்டது. “தீட்டைத் தொட்டவள் நான், கழுவியாச்சு,” என்று வெறும் வாளியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, நனைந்த கோலத்திலேயே ஜீப்புக்குள் ஏறி, என் தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினார்.