கல்பாக்கத்துக்குப் போன பந்துவீச்சாளர்

செங்கல்பட்டு பஸ் நிலைய டீக்கடையில் ஊர் கிரிக்கெட் அணியின் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கருங்குழி வேகப்பந்து வீச்சாளர் தாஸ் இந்த அணிக்குத்தான் வருவதாக இருந்ததாம். கல்பாக்கத்து அணி முந்திக்கொண்டது. வரும் ஞாயிறு ஆட்டமும் அவர்களோடுதான்.

"வூட்டாண்ட போய் ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பான். நீ சும்மா குந்திகினு இருந்துட்ட!" என்று ஒருவர் கேப்டன் காதர் மீது பாய்கிறார். பழக்கடைக்காரரான காதர் டீயை ஆற்றிக் குடிக்கிறார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று டீ குடிக்க வந்த நான் கேட்கிறேன்.

"இன்னா சார், அவன் கையில கீறது பந்துதான? வெடிகுண்டா?" என்கிறார் திட்டியவர்.

கல்பாக்கம் பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது. ஜன்னலோரம் தாஸ். காதர் எழுந்து நேராக ஜன்னலுக்குப் போகிறார்.

"தாஸு, ஞாயித்துக்கெழம மொத ஓவர் நீதான?"

தாஸ் தயங்கி, "ஆமா அண்ணாத்த" என்கிறார்.

"எதிர்ல நான் நிப்பேன். பாவம் பாத்து மெதுவா போட்டுடாத."

பஸ் நகர்கிறது. திட்டிய நண்பர் திகைத்து நிற்கிறார். "யோவ், நீ எப்பவும் பேட்டிங்ல கடைசியா எறங்கறவனாச்சே!"

"இந்த வாட்டி மொதல்ல எறங்கறேன்" என்கிறார் காதர்.