ஒரு படிகூட இல்லாத வீடு

எங்கள் குடும்பத்தில் சுற்றுலா என்றால் வண்டி ஓட்டுவது என் கணவர், குறை சொல்வது தம்பி, வீடு பிடிப்பது நான். இந்த மூன்றில் எதற்கு அதிகத் திட்டு விழும் என்று சொல்லத் தேவையில்லை. ஹோட்டலில் அறை எடுத்தால் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்ப்போம். அதற்குக் கோயம்புத்தூரிலேயே கிடக்கலாம் என்பது என் கட்சி. ஆகவே, முழு வீடாகத்தான் பார்ப்பேன்.

போன மே மாதம் கோத்தகிரிப் பக்கம் ஏழு பேருக்கு வீடு தேட உட்கார்ந்தபோது ஆளுக்கொரு நிபந்தனை வந்தது. தம்பிக்குத் தோட்டத்தில் தீ மூட்டிக் குளிர்காய வேண்டும். தம்பி மனைவிக்குக் குழாயில் வெந்நீர் வர வேண்டும், வாளியில் கொண்டுவந்து தரக்கூடாது. என் கணவருக்குக் கிரிக்கெட் வரும் டிவி, மகளுக்கு வைஃபை. அம்மா மட்டும், "அடுப்புப் பத்த வெக்க உடுவாங்களா கண்ணு?" என்று கேட்டாள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"படி இருக்கக் கூடாது."

அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். நன்றாக நடக்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். அப்பாவோ 'படி ஆகாது' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அத்தனை கல்யாணத்தையும், கிரகப்பிரவேசத்தையும் தட்டிக்கழித்தார். அவர் வராவிட்டால் அம்மாவும் போகமாட்டாள். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பாள். இரண்டு வருடத்தில் அவள் போன தூரதேசம் உழவர் சந்தைதான். அவளை எங்காவது கூட்டிக்கொண்டு போய், பொழுதன்றைக்கும் சும்மா உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. இந்தத் தடவை சொதப்பினால் அப்பாவுக்கு ஆயுளுக்கும் ஒரு சாக்குக் கிடைத்துவிடும் என்பதும் தெரிந்தேயிருந்தது.

ஒரு வாரம் இரவு பகலாக விளம்பரங்களைப் படித்ததில் எனக்கு ஒரு தனிப் பாஷையே பிடிபட்டது. 'அமைதியான சூழல்' என்றால் போனில் சிக்னல் இருக்காது. 'இயற்கையோடு இணைந்த வீடு' என்றால் அட்டை கடிக்கும். 'சாகசப் பாதை' என்றால் காரின் அடிவயிறு கிழியும். 'வீட்டுச் சூழல்' என்றால் உரிமையாளர் மாடியில் இருந்துகொண்டு எட்டி எட்டிப் பார்ப்பார். எட்டுப் படத்தில் ஐந்து தேநீர்க் கோப்பையாக இருந்தால் மீதி மூன்றை நம்பவே கூடாது. குளியலறைப் படமே போடாத வீட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இப்படிச் சலித்துச் சலித்து அரவேணுப் பக்கம் ஒரு வீட்டைப் பிடித்தேன். சுற்றிலும் தேயிலை, தரையெல்லாம் சமம், வெஸ்டர்ன் டாய்லெட். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடம் போனில் மூன்று தடவை கேட்டேன்.

"ஊட்டுக்குள்ள ஒரு படி கூட இல்லீங்க. வாசப்படி கூட உசரமில்லீங்க," என்றார்.

வெற்றி என்று குடும்பத்துக்கே அறிவித்தேன். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்து, சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எவர்சில்வர் தூக்குகளில் சிறுவாணித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீரை மறுபடி மலைக்கே தூக்கிக்கொண்டு போகும் ஜனம் நாங்கள் மட்டும்தான்.

அரவேணு தாண்டி, இடம் வந்துவிட்டது என்றது போன். ஒரு டீக்கடை இருந்தது. தேயிலை இருந்தது. வீட்டைக் காணோம். தம்பி ரோட்டோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஊடு கெடச்சிருச்சு. கூரைதான் தெரியுது," என்றான்.

எங்கள் காலுக்குக் கீழே, வெகு கீழே, தகரக் கூரை பளபளத்தது. ரோட்டிலிருந்து அதற்கு அறுபத்திரண்டு படிகள். பின்னால் எண்ணினேன். சமவெளியில் பிறந்தவளுக்கு வீடு என்றால் ரோட்டை ஒட்டித்தான் இருக்கும். ரோடு மேலே ஓட, வீடு பள்ளத்தில் இருக்கும் என்று ஒரு வாரம் விளம்பரம் படித்த அறிவாளிக்குத் தோன்றவில்லை. கீழேயிருந்து ஏறிவந்த, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்கெல்லாம் ஊடுன்னா இப்படித்தானுங்களே," என்று பாவமாகச் சொன்னார்.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் வண்டியிலயே இருந்துக்கறேன். நீங்கெல்லாம் போங்க," என்றார்.

"அப்ப நானும் இருந்துக்கறேன்," என்றாள் அம்மா.

எனக்கு அழுகை முட்டியது. அதைப் பார்த்துவிட்டு என் கணவர் கீழே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கமாக அப்பா உற்சவர் மாதிரி இறங்கினார். "மாப்பிள்ளை, உங்க பக்கம் சாயுதுங்க. டேய், நீ ஒழுங்காப் புடிடா," என்று வழி நெடுக உத்தரவு வேறு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாசல் நாற்காலியை விட்டு எழவில்லை. காபி அங்கே, தட்டு அங்கே, மாத்திரையும் அங்கே. நாங்கள் கோடநாடு காட்சிமுனைக்குப் போனபோது அம்மா வரவில்லை, அவருக்குப் பதினொரு மணிக்கு மோர் கொடுக்க வேண்டுமாம். திரும்பி வந்து பார்த்தால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஊரில் செய்ததையே இங்கே குளிரில் செய்கிறாள், அவ்வளவுதான். இதற்கா ஒரு வாரம் கண் பூத்துப்போகத் தேடினேன் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். அப்பாவைக் காணோம். கைத்தடி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. முந்தின நாள்தான் தேயிலைக்குள் இரண்டு காட்டெருமைகள் மேய்ந்ததைப் பார்த்திருந்தோம். வீட்டைச் சுற்றித் தேடிவிட்டு, மேலே ரோட்டில் யாராவது பார்த்தார்களா என்று கேட்க இரண்டு பேரும் படியேறினோம். அம்மா பாதியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

மேலே டீக்கடை பெஞ்சில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டீ, வாயில் மொறுமொறுவென்று ஊட்டி வர்க்கி பிஸ்கட். எங்களைப் பார்த்ததும் வர்க்கி பாதியில் நின்றது.

கடைக்காரர் வெகுளியாக, "வாங்கம்மா. ஐயா நேத்தும் வந்தாருங்க. மொதல் டீயே இவருக்குத்தான்," என்றார்.

"ஏனுங்கப்பா, படி?" என்றேன்.

"ஏர்றதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. எறங்கறதுக்குத்தான் ஆகாது."

"அப்ப நேத்து எப்படீங்கப்பா எறங்குனீங்க?"

அப்பா தேயிலையைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அம்மாவுக்காகக் கோபம்தான் அதிகம். இரண்டு வருடம் ஒரு மனுஷியை உழவர் சந்தையோடு நிறுத்திவைத்த முழங்கால் இதுதானா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினாள். கடையில் டீ குடித்தே அறியாதவள், பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொன்னாள். ஊதி ஊதி முழுதும் குடித்தாள். அவசரமே இல்லை. கிளாஸை வைத்துவிட்டு, நாங்கள் ஏறிவந்த படிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, பழனியில எத்தன படிங்க இருக்கும்?"

அப்பா வர்க்கியை விழுங்கினார். "அங்க மேல ஏர்றதுக்கு விஞ்ச் வண்டி இருக்குதல்ல," என்றார் ஈனசுரத்தில்.

"இருந்துட்டுப் போகுதுங்க. எனக்கு ஏறோணும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கண்ணு, அடுத்த மாசத்துக்குப் பழனியில ஒரு ஊடு பாரு. படி இருந்தாலும் பரவால்ல."